மை வெற்றிலையில் வந்த ராஜாத்தி

பெரியபாளையத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். கொதிக்கிற பால் கொட்டி வலது பாதம் வெந்திருந்தது. வாழையிலைத் துண்டை வைத்து, மேலே பழைய துணியைச் சுற்றியிருந்தேன். கோவிலுக்கு எதிரில் ஆடிக் கூட்டத்துக்காகக் கீற்றுக் கொட்டகையில் போட்ட டீக்கடையில் எனக்கு வேலை. நொண்டுகிற ஆளால் கிளாஸ் தூக்க முடியாது என்று கடைக்காரர் என்னை அனுப்பிவிட்டார். அவர் மேல் வருத்தமில்லை. அவ்வளவு கூட்டத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வேண்டுதலுக்காக வேப்பிலைச் சேலை கட்டிக்கொள்ளப் போகிற குடும்பங்கள் வண்டி வண்டியாக எதிரே வந்தன. நான் மட்டும் கிழக்கே, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டைப் பார்த்து நடந்தேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு செங்கல் சூளை, மீஞ்சூர்ப் பக்கம் உப்பளம், லாரி கிளீனர் என்று எதிலும் நிலைத்து நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நடப்பது எனக்குப் பழக்கம். வெந்த காலோடு நடப்பதுதான் புதிது.

தம்பிகளே, இந்தக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஸ்டோர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஸ்டோர்காரன் கதையை இவர் ஏன் டீக்கடையில் தொடங்குகிறார் என்று நினைப்பீர்கள். சரக்கை எப்படி அடுக்குவது, ரசீது எப்படிப் போடுவது என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். ஒன்றை மட்டும் அவர் சொல்லித் தரமாட்டார். உங்கள் பொறுப்பில் இருக்கிற ஒரு பொருள் ஒருநாள் காணாமல் போகும். தேடிக் கிடைக்காது. அப்போது யாராவது, பெரும்பாலும் முதலாளிக்கு வேண்டியவர், "ஒரு சாமி இருக்காரு, மை போட்டுப் பாத்தா ஆளைக் காட்டிடுவாரு" என்று சொல்வார். எழுபதுகளில் இங்கே இரும்பை உருக்கி ஊற்றுகிற வார்ப்படக் கொட்டகைகள் வந்த பிறகும், பட்டறைகளில் மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகும், அந்தப் பேச்சு வந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அது முதல் தடவை வந்தபோது என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் டீக்கடை. கடைக்குப் பின்னால், ஆற்றங்கரை ஓரம், ஒரு சாமியார் ஓலைத் தடுப்பு கட்டி உட்கார்ந்திருந்தார். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி, அதை உற்றுப் பார்த்துக் குறி சொல்வார். அவருக்கு டீ கொண்டுபோவது என் வேலை. எங்கள் கடை பெஞ்சில் தினமும் ஒரு ஒல்லியான ஆள் வந்து உட்காருவான். கையில் எப்போதும் கறுப்புக் குடை. ஒருநாள் வளையல் வியாபாரி என்பான், இன்னொரு நாள் மாட்டுத் தரகன் என்பான். பக்கத்தில் உட்கார்ந்த குடும்பத்துக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுப்பான். எந்த ஊர், யாருக்கு வேண்டுதல் என்று பேச்சுக் கொடுப்பான். கோவிலுக்கு வந்தவர்கள் மனசைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள். எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

ஒருநாள் டீயோடு போனவன் ஓலைத் தடுப்புக்கு வெளியே நின்றேன். உள்ளே குடைக்காரன் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"பச்சப் பொடவ கட்னவ. பொண்ணுக்கு ரெண்டு கொழந்த தங்கல. மாப்ள ஊட்ல பேச்சு வாங்கிகினு கீது. கூட வந்த கெழவன் காது கேக்காத மாரி நடிக்கிறான், ஆனா கேக்கும்."

சற்று நேரத்தில் அந்தப் பச்சைப் புடவைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் கடைப் பக்கம் வந்தாள். "நான் வாயே தெறக்கல, எல்லாத்தியும் புட்டுப்புட்டு வச்சிட்டாரு" என்றாள். நான் அவள் கூட வந்தவரிடம், அந்தக் குடைக்காரன்தான் உள்ளே போய்ச் சொன்னான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ டீ ஆத்தற வேலையப் பாரு" என்றார். அதோடு ஒன்று புரிந்தது. நம்பிவிட்டவனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. சாமி தப்பாகச் சொல்வதை அவனே தன் காதால் கேட்க வேண்டும்.

இவ்வளவும் என் தலையில் இருந்ததே தவிர, அது எதற்காவது உதவும் என்று நினைக்கவில்லை.

பஞ்செட்டியைத் தாண்டிப் பொன்னேரி போகிற வழியில், உமி எரிகிற வாசனை வந்த பக்கம் திரும்பினேன். ஒரு ரைஸ் மில். சொர்ணவாரிப் பட்டத்து அறுப்பு முடிந்து நெல் குவிந்திருந்த சமயம். என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்த காதர் பாய்தான் முதலில் என்னைப் பார்த்தார்.

"கால் இன்னாப்பா?"

"பால் கொட்டிடுச்சு, பாய்."

"பால் குடிக்கிறது வாயால. உனக்கு யாரும் சொல்லித் தரலியா?" என்றவர், நாஷ்டாவுக்கு வைத்திருந்த இட்லியில் பாதியை எடுத்துக் கொடுத்தார். பிறகு முதலாளியிடம் கூட்டிப்போனார். முதலாளியை மில்லில் எல்லோரும் நைனா என்பார்கள். கனத்த உடம்பு, இளகிய மனசு. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாகப் பார்த்து, கோணி ஊசியால் மூட்டை வாய் தைக்கச் சொன்னார்.

புழுங்கல் அரிசி மில்லை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் இரண்டு வரி. நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறியதும் ஆவியில் அவித்துக் களத்தில் காயவைப்பார்கள். ஊறல் பதம் தப்பினால் அரிசி முழுக்க நாறும். அந்த மில்லில் பதம் பார்ப்பவர் நைனாவின் மனைவி சரோஜம்மா. தொட்டிச் சுவரின் மேல் வயிறு படக் கவிழ்ந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, உள்ளிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து, பல்லில் கடித்துப் பார்த்து, சரி என்றால் சரி. அவர் சொல்லாமல் அடுப்பில் தீ மூட்டமாட்டார்கள்.

களத்துப் பெண்களுக்குத் தலைவி போல இருந்தவள் முனியம்மாள். நெல் துழாவுவாள், தொட்டிக்குள் இறங்கி வாருவாள், நைனா வீட்டு எருமைகளைக் கறப்பாள், பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்துவாள். வாய் ஓயாது. என் காலைப் பார்த்து, "மாப்ள நடந்து வர்ற அழகப் பாருங்கடி" என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்த சில நாளில் சரோஜம்மாவின் தங்கச் சங்கிலி காணாமல் போனது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காகக் கழற்றியிருக்கிறார். குளித்து வந்து பார்த்தால் இல்லை. பின்கட்டு மாடத்தில் வைத்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். பின்கட்டு வரை வருகிற வெளியாள் முனியம்மாள் ஒருத்திதான். நைனாவின் தம்பி அதைச் சொல்லிவிட்டார். முனியம்மாளைக் கூப்பிட்டு எடுத்தாயா என்றார்கள். இல்லை என்றாள். மறுபடி எடுத்தாயா என்றார்கள். மறுபடி இல்லை என்றாள். அதன்பிறகு அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

"பெரியபாளையத்துல ஒரு சாமி கீறாரு. மை போட்டா மூஞ்சியே தெரியுமாம். நாளன்னிக்கு வரச்சொல்லிக் கீறேன்" என்றார் தம்பி.

நைனா தலையாட்டினார். அவர் கெட்டவர் இல்லை. முனியம்மாள் மேல் அவராகப் பழி சொல்ல வாய் வரவில்லை. சாமி சொன்னால் பாவம் சாமியோடு போகும் என்று நினைத்தார். இந்த வியாபாரம் பாதி இப்படித்தான் நடக்கிறது. நாம் சொல்லக் கூசுவதைச் சொல்வதற்கு ஒரு வாய் தேவைப்படுகிறது.

எங்களுக்கெல்லாம் தெரியும், வெற்றிலையில் யார் முகம் வரும் என்று. வந்தால் பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் வரை எந்த மில்லும் அவளைக் களத்தில் சேர்க்காது. திருடி என்ற பேரோடு அவள் அந்த ஊரில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

சாமி வருவதற்கு முந்தின நாள் காலை, மில்லுக்குத் தவிடு வாங்க ஒருவன் வந்தான். ஒல்லி உடம்பு. கையில் கறுப்புக் குடை.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டீ கொண்டுவருகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள். தவிட்டை அள்ளி முகர்ந்து பார்த்தான், விலை கேட்டான், கட்டாது என்றான். போகாமல் அங்கும் இங்கும் நின்றான். கடைசியில் நான் மூட்டை தைக்கிற இடத்துக்கு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பீடியை நீட்டினான்.

"இன்னா தம்பி, மில்லுல யாரும் சரியா பேசவே மாட்றாங்க. எதுனா பேஜாரா?"

எனக்கு யோசிக்க ஒரு தையல் போடுகிற நேரம்தான் இருந்தது. எழுந்து நின்று, இவன் சாமியாரின் ஆள் என்று கத்தலாம். கத்தினால் என்ன ஆகும்? நான் புது ஆள், பெரியபாளையத்திலிருந்து வந்தவன், ஊர் பேர் தெரியாதவன். நைனாவின் தம்பி என்னைத்தான் முதலில் பிடிப்பார். நாளை வெற்றிலையில் முனியம்மாளுக்குப் பக்கத்தில் என் முகமும் வரும். சும்மா இருக்கலாம். இருந்தால் அவள் கதை முடிந்தது. மூன்றாவது ஒரு வழி இருந்தது. கேட்கத்தானே வந்திருக்கிறான். கேட்டுக்கொண்டு போகட்டும்.

"சங்கிலி ஒண்ணு காணோம்னு பேச்சு" என்றேன். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அது கெடக்கட்டும். மொதலாளி மொகத்துல சொரத்தே இல்லியே. வேற எதுனா பழய கவலையா?"

"அத்த ஏன் கேக்கறீங்க. மூத்த சம்சாரம் போனதுலேந்து அப்படித்தான்."

அவன் பீடி வாயிலேயே நின்றது. "மூத்தவ வேற இருந்தாளா?"

"மில்லுக்குப் பின்னால பாழுங்கெணறு கீது பாருங்க. போன வருசம் அதுல வுழுந்து பூட்டா. நைனா சோறு துன்னாம அழுதாரு. யாரும் வெளிய பேசமாட்டாங்க."

"பேரு இன்னா?"

"ராஜாத்தி."

அந்த மில்லில் ராஜாத்தி யார் என்று தெரியாதவர் கிடையாது. நைனாவின் எருமை. போன வருடம் பாழுங்கிணற்றில் விழுந்து செத்தது அதுதான். நைனா அதற்காகச் சோறு சாப்பிடாமல் அழுததைக் காதர் பாய் வாரம் ஒருமுறையாவது நடித்துக் காட்டுவார். நைனாவுக்கு ஒரே மனைவி, அது சரோஜம்மா.

குடைக்காரன் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, தவிடு வாங்காமலேயே போய்விட்டான். நான் ஊசியை அப்படியே குத்திவிட்டு என்ஜின் ரூமுக்கு நொண்டிக்கொண்டு போனேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் மற்றதெல்லாம் வீண். நான்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று சாமி பேசி முடித்த பிறகு சொன்னால், எந்த மடையனும் நம்ப மாட்டான். முன்கூட்டியே ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் எல்லோரும் மதிக்கிறவராக இருக்க வேண்டும்.

காதர் பாய் முழுதும் கேட்டார். முதலில் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அரே, சரோஜம்மா அத்த நம்பிட்டா? மூத்த சம்சாரம்னு கேட்ட ஒடனே நைனா கழுத்தப் புடிச்சிடுவா."

அதை நான் யோசிக்கவே இல்லை.

"இப்ப இன்னா பண்றது, பாய்?"

"ஒண்ணும் பண்ணாத. நைனா கழுத்து தடியான கழுத்துதான்."

மறுநாள் காலை களத்தைப் பெருக்கி, நடுவில் கோலம் போட்டார்கள். சாமி காவி கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து பலகையில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம், கற்பூரம், வெற்றிலை, சிமிழில் மை. குடைக்காரன் வரவில்லை. அவர்கள் இருவரும் ஒன்றாக ஒரு இடத்திலும் தெரியமாட்டார்கள். நைனாவும் சரோஜம்மாவும் எதிரே. சுற்றிலும் மில் ஆட்கள். முனியம்மாளைத் தனியாக ஒரு ஓரத்தில் உட்காரவைத்திருந்தார் தம்பி. அவள் முழங்காலில் தலையைக் கவிழ்த்திருந்தாள்.

இப்படிப்பட்டவர்கள் எடுத்ததும் திருடனைக் காட்டமாட்டார்கள். முதலில் குடும்பத்தில் மறைந்து கிடக்கிற ஒன்றைச் சொல்வார்கள். கேட்கிறவர் ஆடிப்போவார். அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் எடுபடும். நான் நம்பியிருந்தது இந்த வரிசையைத்தான்.

சாமி மையைப் பார்த்தார். உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"இந்த ஊட்டுல ஒரு பொம்பள அழுதுகினு நிக்கறா. தண்ணி சொட்டச் சொட்ட நிக்கறா."

வெற்றிலையை இன்னும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கெணத்துத் தண்ணி. உனக்கு முந்தி வந்தவ தாயி. மூத்தவ."

சரோஜம்மா முதலில் சாமியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி நைனாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"யாரு அது மூத்தவ?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றார் நைனா. அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. ஒரு தப்பும் செய்யாத மனிதர் அப்படி வேர்த்து நான் பார்த்ததில்லை.

"பொன்னேரிக்குச் சந்தைக்குப் போறேன், சந்தைக்குப் போறேன்னு போனியே. எந்தச் சந்த?"

"ஏய், சும்மா இரு. நெல்லு வாங்கத்தான் போனேன்."

"நெல்லு வாங்கப் போனவருக்கு இன்னாத்துக்கு வேர்க்குது?"

ஒருத்தியைக் காப்பாற்றப் போய் ஒரு குடும்பத்தையே குழப்பிவிட்டேனோ என்று தோன்றியது. அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கால் துடித்தது. காதர் பாய் எனக்கு எதிரே நின்றிருந்தார். தலையை லேசாக, வேண்டாம் என்று அசைத்தார். பொறுத்தேன். இன்னும் பெயர் வரவில்லை. பெயர் வராதவரை அவர் எதைச் சொல்லியும் தப்பித்துக்கொள்வார்.

சாமி செய்த தப்பு இதுதான். சரோஜம்மாவின் கோபத்தைப் பார்த்து, குறி சரியாகப் பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அவர்கள் வெற்றிலையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் மாறினால் அந்தப் பக்கமே தோண்டுவார்கள். சாமியும் தோண்டினார்.

"அவளுக்குப் படையல் போடல. அத்தொட்டுத்தான் இந்த ஊட்ல பொருள் தங்கல. பேரச் சொல்றா. கேக்குது. ரா... ராஜாத்தி. எம் பேரு ராஜாத்தின்னு சொல்றா."

முதலில் சத்தம் வந்தது ஓரத்திலிருந்து. முனியம்மாள். கவிழ்ந்திருந்த தலை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம். தலையைத் தூக்கினாள், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமி, அவள தெனம் கறந்தவ நான்தான். நல்லாப் பாரு, கொம்பு ரெண்டும் கீதா?"

அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. களத்துப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். சரோஜம்மாவின் முகம் இறுகி, கோணி, கடைசியில் அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நைனா மட்டும் சிரிக்கவில்லை. உயிர் திரும்பி வந்தவர் போல நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எருமையாடி அது?" என்றார் மெதுவாக.

"நீ கட்டிகினு அழுதது அது ஒண்ணத்தான?" என்றார் சரோஜம்மா.

சாமிக்கு என்ன நடந்தது என்று புரிய நேரமாயிற்று. நான் எழுந்து நின்றேன். "இந்தக் கதைய நேத்து தவிட்டுக்காரன் கிட்ட நான்தான் சொன்னேன், நைனா. அவன் இவரோட ஆளு. பெரியபாளையத்துல ரெண்டு பேருக்கும் டீ ஊத்தினவன் நான்" என்றேன். காதர் பாய் முன்னால் வந்து, தவிட்டுக்காரன் போன கையோடு நான் அவரிடம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். சாமி என் பக்கம் விரலை நீட்டி, பொழுது சாய்வதற்குள் ரத்தம் கக்கிச் சாவாய் என்றார். மிரட்டலும் அவர்கள் சாமான்களில் ஒன்று. எல்லாம் தோற்ற பிறகு அதை எடுப்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. மாலையில் இரண்டு தடவை துப்பிப் பார்த்தேன், வெறும் எச்சில்தான். அவர் சிமிழை மூடி, எலுமிச்சம்பழத்தைக்கூட எடுக்காமல் பஸ் ரோட்டுக்கு நடந்தார்.

ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் நைனாவின் தம்பி வாயைத் திறந்தார்.

"அவன் ஃபிராடுன்னா, இவ யோக்கியம்னு ஆயிடுமா? சங்கிலி எங்க?"

சிரிப்பு நின்றது. முனியம்மாள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். தம்பி கேட்டது நியாயமான கேள்வி. தம்பிகளே, பொய் சாமியைத் துரத்தியதோடு உங்கள் வேலை முடியாது. பொருளைக் கண்டுபிடிக்கிறவரைக்கும் பழி அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. இத்தனை நாளில் முனியம்மாளிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, எடுத்தாயா என்று. அவள் கண்ணால் பார்த்ததை ஒருவரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெழம காலைல இருந்து நீ பாத்தத சொல்லு" என்றேன். "திருட்ட வுடு. இன்னா வேல பாத்தே, யார் யார் எங்க இருந்தாங்க, அத்த சொல்லு."

அவள் என்னை முறைத்தாள். "இன்னா வேல? ரெண்டாவது தொட்டில எறங்கி நெல்லு வாரிகினு இருந்தேன். பக்கத்துல மூணாவது தொட்டி பதம் பாக்க அம்மாவக் கூப்டாங்க. வந்துச்சு. எண்ணெத் தலையோட வந்து கவுந்துச்சு. நடுச் சொவத்துல ஏறறப்போ எம் மேல எண்ண சொட்டுச்சு. நான்கூட, எனக்கும் சேத்துத் தேச்சி வுடறியான்னு கேட்டேன்."

"எண்ணெத் தலையோடவா?" என்றார் நைனா.

சரோஜம்மா எழுந்து நின்றுவிட்டார். கை தானாக இடுப்புக்குப் போனது. எண்ணெய் தேய்க்கச் சங்கிலியைக் கழற்றி, புடவை மடிப்பில் செருகி இருக்கிறார். மாடத்தில் வைக்கலாம் என்று நினைத்த நேரத்தில் தொட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வைக்க நினைத்தது வைத்ததாகவே மனசில் பதிந்துவிட்டது.

"மடில இருந்துச்சு" என்றார். தொட்டியில் கவிழ்ந்தபோது நழுவியிருக்க வேண்டும்.

மூன்றாவது தொட்டியிலிருந்து மேல் நெல்லை வாரி அவித்தாகிவிட்டது. ஆனால் தொட்டியின் அடியில் மண்ணும் பதரும் கலந்து கிடக்கிற நெல்லை யாரும் எடுக்கமாட்டார்கள். அதை அவித்தால் அரிசி கறுத்துப்போகும். அதனால் அது மாதக் கடைசி வரை அப்படியே கிடக்கும். தம்பி ஆட்களை இறங்கச் சொன்னார். முனியம்மாள் எழுந்தாள்.

"யாரும் எறங்காதீங்க. நான் எறங்கறேன். எல்லாரும் நின்னு பாருங்க."

சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் குதித்தாள். கைகளால் சேற்றைக் கூடை கூடையாக வாரி, எங்கள் கண் முன்னால், தண்ணீர் ஊற்றி அலசினாள். ஒரு மூலையில், தண்ணீர் வடிகிற துவாரத்துக்குப் பக்கத்தில், மண்ணோடு மண்ணாகச் சங்கிலி வந்தது. அதை அலசி, சுவர் மேல் வைத்தாள். யார் கையிலும் கொடுக்கவில்லை. ஏறி வந்து, கைகாலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அவித்த நெல் களத்தில் ஈரத்தோடு கிடந்தது.

மாலை வெயில் இருக்கும்போதே சரோஜம்மா முனியம்மாள் வீட்டுக்குக் கிளம்பினார். துணைக்குக் காதர் பாயையும் என்னையும் கூப்பிட்டார். மில் முதலாளி வீட்டுப் பெண் கூலிக்காரர்கள் குடியிருக்கிற தெருவுக்குள் போவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். முனியம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"முனியம்மா, தப்பு என்னுது. நாளைக்கு வா" என்றார் சரோஜம்மா.

"வர்றேன். ஆனா காலைல மில் ஊதல் ஊதறப்போ எல்லாரோடவும் சேந்து வரமாட்டேன். ஊதி முடிச்சு, எல்லாரும் களத்துல நிக்கறப்போ, நான் தனியா நடந்து வருவேன். அல்லாரும் பாக்கணும்."

"வா. நானும் நின்னு பாக்கறேன்."

திரும்புகிற வழியில் சரோஜம்மா என்னிடம் கேட்டார்: "கால் ஆறினா எங்க போவே?"

"தெரியாதும்மா. ரோடு போற பக்கம்."

"கெடங்குச் சாவியும் வாசக் கேட்டும் பாத்துக்க ஒரு ஆள் வேணும்னு நைனா சொல்லிகினு இருந்தாரு. ரோடு எங்கயும் போயிடாது."

மறுநாள் காலை நைனா சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். அதுவரைக்கும் எந்த ஊரிலும் என் கையில் ஒருவரும் சாவி கொடுத்ததில்லை. ஊதல் ஊதியதும் கேட்டை மூட வேண்டும், அதற்கப்புறம் வருகிறவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, இதுதான் மில் சட்டம் என்று நைனாவின் தம்பி சொல்லிக் கொடுத்தார். காதர் பாய் ஊதினார். ஆட்கள் உள்ளே வந்து களத்தில் நின்றார்கள். சரோஜம்மா தொட்டிச் சுவருக்குப் பக்கத்தில் நின்றார், கழுத்தில் சங்கிலியோடு. ரோட்டில் முனியம்மாள் தெரிந்தாள். தலையில் பூ வைத்து, அவசரமே இல்லாமல், சாலையின் நட்ட நடுவில் வந்துகொண்டிருந்தாள்.

"ஊதியாச்சு. கேட்ட மூடு" என்றார் தம்பி.

"கேட்டு இப்போ என் பொறுப்பு, சின்ன நைனா" என்றேன். இரண்டு கதவையும் முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் போய் நின்றேன்.